மிளகெலியும் பெரிய மனிதர்களும்

திருவொற்றியூரில் காலடிப்பேட்டையைத் தாண்டியதும், உப்பு மூட்டை அடுக்குவதற்காக எந்தக் காலத்திலோ யாரோ கட்டிய ஒரு கிடங்கு இருந்தது. அதன் வாசலில் 'அரிய மலை விலங்குகள் பாதுகாப்பு ஆய்வு நிலையம்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் பலகை மாட்டியிருந்தார்கள். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஒரு பக்கம் ரயில் பாதை, இன்னொரு பக்கம் சாக்கடை. காற்று மேற்கிலிருந்து அடித்தால் மணலிப் புகை, வடக்கிலிருந்து அடித்தால் எண்ணூர்ச் சாம்பல். கிழக்கிலிருந்து அடித்தால் கடல்காற்று, அதிலும் பாதி கருவாடு. இந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, குளிர்ந்த மலைக்காட்டில் மரப்பொந்தில் வாழும் ஓர் எலியைக் கூண்டில் வைத்துப் பெருக்கப் போவதாக ஒரு மனிதர் சொன்னார். படித்தவர்கள் அதைக் கேட்டுக் கைதட்டினார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒன்றரை வருடம் நான் அவரிடம் வேலை பார்த்தேன்.

அப்போதுதான் விலங்கியல் படித்து முடித்திருந்தேன். எங்கள் வீடு ராயபுரத்தில், மாதா கோவில் மணி அடித்தால் பேச்சை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்க வேண்டிய தூரத்தில். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். வேலை கிடைத்துவிட்டது என்று நான் போய்ச் சொன்னபோது அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பாதி கழற்றிய சட்டையோடு நின்றுவிட்டார்.

"இன்னா வேலைன்னு சொன்னே?"

"எலி வளக்கிற வேலை, நைனா. ரொம்ப அபூர்வமான மலை எலி. அழிஞ்சுகினு வருது."

"ஹார்பர்ல எலி தின்னது போக மீதி கோதுமையத்தான் நாம துன்றோம். அத்த கொல்றதுக்கு கெவுருமெண்டு ஆள் வெச்சுகீது. நீ காலேஜு படிச்சுட்டு எலிக்கு ஆயா வேல பாக்கப் போறியா?"

தெருவே சிரித்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டு எலிகளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தத் தெருக்காரர்களின் சிரிப்பில் ஒரு நேர்மை இருந்தது. எலியைப் பிடிக்காதவர்கள் பிடிக்கவில்லை என்றார்கள். நான் போய்ச் சேர்ந்த இடத்தில் எல்லோரும் எலியை நேசித்தார்கள். அங்கேதான் எலிகள் செத்தன.

இயக்குநருக்கு நாற்பது வயது இருக்கும். வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர். வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்டிருப்பார். அந்த ஷூ அழுக்காகி நான் பார்த்ததில்லை. கூண்டுகள் இருந்த அறைக்குள் அவர் வந்தால்தானே அழுக்காகும்? கதவருகே நின்று, வாசனை தெளித்த கைக்குட்டையை முகத்தருகே பிடித்தபடி, "எப்படி இருக்கு, மிஸ்?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். அந்த எலியின் லத்தீன் பெயரை மட்டும் மிக அழகாகச் சொல்வார். பெயரைச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார். எலியைப் பார்க்கும்போது மூக்கை மூடிக்கொள்வார்.

பணம் கொடுத்தவர் பக்கத்திலேயே சாயத் தொழிற்சாலை நடத்திய ஒரு முதலாளி. கிடங்கும் அவருடையதுதான். எங்கள் பின்பக்கத்துச் சாக்கடை ஒருநாள் நீலமாகவும் மறுநாள் சிவப்பாகவும் ஓடும். அதைப் பார்த்தே அன்று தொழிற்சாலையில் என்ன சாயம் கலக்குகிறார்கள் என்று சொல்லிவிடலாம். கடலோரத்து மீனவர்கள் வலையில் நிறம் ஏறுகிறது என்று கூச்சல் போட்டுக்கொண்டிருந்த சமயம். அப்போதுதான் முதலாளிக்கு இயற்கை மீது பாசம் பிறந்தது. பாசம் காட்ட அவர் தேர்ந்தெடுத்த உயிர், சாக்கடையிலிருந்து முந்நூறு மைலுக்கு அப்பால் இருந்தது. அதுதான் அதன் பெரிய தகுதி. கடைசிவரை அவர் அதைப் பெருச்சாளி என்றுதான் சொன்னார். "நம்ம பெருச்சாளிங்க சௌக்கியமா?" என்று கேட்பார். இயக்குநர் ஒருமுறைகூடத் திருத்தவில்லை.

அந்த எலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது பெருச்சாளியும் இல்லை, வீட்டெலியும் இல்லை. பொள்ளாச்சிக்கு மேலே உள்ள மலைக்காடுகளில் இருப்பது. மிளகுக் கொடியில் ஏறிக் காயைத் தின்பதால் மலைக்காரர்கள் மிளகெலி என்றார்கள். உள்ளங்கையில் அடங்கும். முதுகு மயிருக்குள்ளே தட்டையான மெல்லிய முட்கள் இருக்கும். வாலின் அடி வெறுமையாக இருந்து, நுனியில் பால்புட்டி கழுவும் பிரஷ் போல மயிர் விரிந்திருக்கும். பகலெல்லாம் மரப்பொந்தில் இலையும் பாசியும் போட்டுத் தூங்கும். தேயிலைக்காகக் காட்டை வெட்டினார்கள், பொந்துள்ள மரங்கள் போயின. மீதி இருந்ததை மிளகுத் தோட்டக்காரர்கள் விஷம் வைத்துக் கொன்றார்கள். இதையெல்லாம் எனக்குக் கடிதங்கள் வழியாகச் சொன்னவர் அந்த மலையிலேயே இருந்த ஒரு கால்நடை மருத்துவர். ஆள் வைத்து எலிகளைப் பிடித்து அனுப்பியவரும் அவர்தான். ஒவ்வொரு கூண்டோடும் என்ன தின்னக் கொடுப்பது, எவ்வளவு குளிர் வேண்டும் என்று எழுதி அனுப்புவார். இயக்குநர் அதைப் படிக்காமல் என்னிடம் தள்ளிவிடுவார்.

முதல் கூட்டம் மாசி மாதம் ரயிலில் வந்தது. சித்திரையில் சாகத் தொடங்கின. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் மத்தியானத்தில் மனிதனுக்கே தலை சுற்றும். நான் கோணியை நனைத்துக் கூண்டுகளின் மேல் போட்டேன். அரைமணி நேரத்தில் கோணி காய்ந்துவிடும். எலிகள் பொந்துப் பெட்டியை விட்டு வெளியே வந்து, கம்பிமேல் வயிற்றைப் பரப்பி, வாயைத் திறந்தபடி கிடந்தன. இயக்குநரின் அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டி, கூண்டுகளை அங்கே மாற்றலாமா என்று கேட்டேன்.

"மிஸ், அடாப்டேஷன் என்று ஒன்று இருக்கிறது, படித்திருப்பீர்கள். தாங்குகிறது தாங்கும். அந்த ஸ்ட்ரெயின், தாங்கிய அந்த வம்சம்தான் நமக்கு வேண்டும்."

எதுவும் தாங்கவில்லை. செத்தவற்றை அவர் வீணாக்கவில்லை. மியூசியத்தில் வேலை பார்த்த ஒருவரை அழைத்து, உள்ளே பஞ்சு அடைத்து, கண்ணுக்குக் கறுப்பு மணி வைத்து, முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் மரக்கிளையில் ஏற்றி நிறுத்தினார். வந்த பெரிய மனிதர்கள் எல்லோரும் அந்தப் பெட்டியைத்தான் பார்த்தார்கள். உயிரோடு இருப்பவை பகலில் தூங்குகின்றன, நாறுகின்றன. செத்தவை எப்போதும் விழித்துக்கொண்டு, வாலைத் தூக்கிக்கொண்டு, வாசனையில்லாமல் இருந்தன.

அடுத்த கூட்டம் மழைக்காலத்தில் வந்தது. அதில் ஒரு பெட்டைக்கு வயிறு தடித்திருந்தது. காட்டிலேயே சினைப்பட்டு வந்தது என்று பார்த்தவுடனே தெரிந்தது. வந்து சில நாட்களில் இரண்டு குட்டி போட்டது. இயக்குநர் முதல்முறையாக அறைக்குள் வந்தார். கைக்குட்டையை எடுத்துவிட்டுப் பார்த்தார்.

"உலகத்திலேயே முதல் முறை, மிஸ். கூண்டில் பிறந்த முதல் குட்டிகள்."

"கூண்டில் பிறந்ததுதான் சார். ஆனால் சினையானது காட்டில். நாம் பெருக்கினோம் என்று சொல்ல முடியாது."

"நான் பிறந்தது என்றுதானே சொன்னேன்?"

செய்தித்தாளில் 'பெருக்கிய விஞ்ஞானி' என்றுதான் வந்தது. படம் எடுக்க வந்தவர் கூண்டுக்கு அரையடி தூரத்தில் நின்று ஃபிளாஷ் விளக்கை வெட்டிவெட்டிப் படம் எடுத்தார். நான் கையை நீட்டி மறைத்தேன். இயக்குநர் என் கையைப் பிடித்து விலக்கினார். பொந்துப் பெட்டியின் மூடியைத் திறந்து தாயை வெளியே தள்ளி, குட்டிகள் மட்டும் தெரிகிற மாதிரி ஒன்று எடுக்கச் சொன்னார். மறுநாள் காலையில் பெட்டியில் குட்டிகள் இல்லை. தாய் மூலையில் உட்கார்ந்து முகம் துடைத்துக்கொண்டிருந்தது. பயந்துபோன எலி குட்டியைத் தின்றுவிடும் என்பது பாடப் புத்தகத்தில் இருக்கிற விஷயம். அவர் அந்தப் புத்தகத்தை எழுதியவர்களோடு காப்பி குடித்தவர் என்று சொல்லிக்கொள்வார்.

குட்டிகளைப் பார்க்கப் பெரிய பதவியில் இருந்த ஒருவர் மனைவியோடு வருவதாக ஏற்பாடாகியிருந்தது. பந்தல் போட்டாகிவிட்டது. முதலாளி கூஜாவில் பன்னீர் கொண்டுவரச் சொல்லியிருந்தார். நான் இயக்குநரிடம் போய், குட்டிகள் இறந்துவிட்டன, விழாவைத் தள்ளிவையுங்கள் என்றேன். அவர் வாட்ச்மேனை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று சாயங்காலம் வாட்ச்மேன் ஒரு சிகரெட் டப்பாவில் பஞ்சு வைத்து, அரிசிக் கிடங்கிலிருந்து ஏழெட்டு எலிக்குட்டிகளைக் கொண்டுவந்தான். கண் திறக்காத, ரோஜா நிறக் குட்டிகள். அந்த வயதில் எந்த எலியும் எந்த எலி மாதிரியும் இருக்கும். அவற்றில் நல்லதாக இரண்டைத் தேர்ந்தெடுத்துப் பொந்துப் பெட்டியில் வைத்தார்கள். மீதியை என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. பின்பக்கத்துச் சாக்கடைதான் இருந்ததே.

விருந்தினரின் மனைவி நல்ல பட்டுப்புடவை கட்டியிருந்தார். குனிந்து பார்த்து, "ஐயோ, மரப்பாச்சி மாதிரி எவ்வளவு அழகு!" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "முதுகில் முள் இருக்கும் என்று சொன்னாரே, காணோமே?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அந்தக் கட்டடத்தில் அதுவரை யாரும் கேட்காத நல்ல கேள்வி. எனக்கு அந்த அம்மாள்மேல் மரியாதை வந்தது. உண்மையைச் சொன்னேன்.

"இது மிளகெலி இல்லைங்க. அதோட குட்டிங்க முந்தாநாள் செத்துப்போச்சு. இது அரிசிக் குடோன் எலியோட குட்டி. நேத்து சாயந்திரம் கொண்டாந்து வெச்சாங்க."

இயக்குநரின் முகம் வெளிறியது. விருந்தினர் என்னையும் பார்த்தார், பெட்டியையும் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "ராயபுரத்துப் பொண்ணா? அதான் வாய் இப்படி! நல்லா தமாஷ் பண்ணுதே!" என்றார். உடனே எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சிரித்தார். புகைப்படக்காரர் சிரித்தார். அந்த அம்மாளும், தன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதை மறந்து, சிரித்தார். இயக்குநர்தான் எல்லோரையும்விட நீளமாகச் சிரித்தார்.

விழா முடிந்ததும் என்னிடம் வந்தார். "உங்களுக்கு ஹ்யூமர் இருக்கிறது, மிஸ். ஆனால் இடம் பார்த்து உபயோகிக்க வேண்டும்" என்றார். என்னை வேலையிலிருந்து அனுப்பவில்லை. கூண்டு கழுவுவதற்கு எம்.எஸ்ஸி. படித்த வேறொரு ஆள் எங்கே கிடைக்கும்?

பொங்கலுக்குப் பிறகு அவர் வெளிநாடு போனார். குட்டிகளின் படங்களைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு, ஊர் ஊராகப் போய்ப் பேசிவிட்டு வர. சாக்கடை வழக்கம்போல நிறம் மாறிக்கொண்டிருந்தது. என் பொறுப்பில் நான்கு மிளகெலிகள் மிஞ்சியிருந்தன, இரண்டு ஆண், இரண்டு பெண். மாசி பிறந்தது. கூரை சுடத் தொடங்கியது. போன வருடம் கம்பிமேல் வாயைத் திறந்து கிடந்தவை நினைவுக்கு வந்தன. ஒரு நாள் மீன் வாங்கிக்கொண்டு காசிமேட்டுப் பக்கம் வரும்போது, ஐஸ் கம்பெனி வாசலில் வண்டியில் பாளம் பாளமாக ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். திறந்த கதவு வழியாகக் குளிர் தெருவரை வந்து காலைத் தொட்டது. அங்கேயே நின்றுவிட்டேன்.

உள்ளே போய்ப் பார்த்தேன். ஐஸ் பாளங்களை உமி போட்டு அடுக்கும் அறைக்கும் வெளிக்கதவுக்கும் நடுவே ஒரு முன்னறை இருந்தது. தடித்த சுவர், வெளிச்சம் குறைவு, மலைக்காடு மாதிரி ஈரக் குளிர். அமோனியா இயந்திரம் கட்டடத்தின் மறுகோடியில் இருந்ததால் அந்த நெடி அங்கே வரவில்லை. மேஸ்திரி ஒருவர் லுங்கியும் கம்பளி மப்ளருமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னாது? எலியா?"

"மலை எலிண்ணே. சூடு தாங்காது. இந்த முன் ரூம்ல ஒரு மூலைல வெச்சுக்கறேன்."

"எலித் தொல்லை தாங்காம நான் ரெண்டு பூனைய வளத்துகினு கீறேன். நீ எலிக்கே ரூமு கேக்குற. நல்லா கீதும்மா உன் கத!"

"இது அந்த எலி மாதிரி இல்லண்ணே. காட்டுல இருக்கறது. மிளகு துன்னும், அத்திப்பழம் துன்னும். கூந்தல் பனைல கள்ளு எறக்குறதுக்குப் பானை கட்டியிருந்தா அதுல ஏறிக் குடிச்சுட்டு…"

"இரு, இரு. இன்னா சொன்ன? கள்ளு குடிக்குமா?"

"குடிச்சுட்டு மரத்தடியில மயங்கிக் கெடக்கும். ஆளுங்க அப்பிடித்தான் சுலபமா புடிப்பாங்க."

மேஸ்திரி மப்ளரை அவிழ்த்து மறுபடி கட்டினார். கள்ளுக்கடைகள் திறந்திருந்த வருடங்கள் அவை. அவர் மூச்சிலேயே அது தெரிந்தது.

"அட, நம்ம தோஸ்துன்னு மொதல்லயே சொல்லக்கூடாதா? கொண்டா. பூனைய நான் பாத்துக்கறேன். ஓனரு கேட்டா மீன் கூடைன்னு சொல்லிடறேன்."

அறிவியலுக்கு என் வாழ்க்கையில் கிடைத்த மிகச் சிறந்த ஆதரவு அதுதான். நான்கு கூண்டுகளையும் அப்பா சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி, மேலே கோணி போர்த்தி, தானே கூட நடந்து வந்தார். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் லாரிக்காரன் ஒருவன் ஒலிப்பானை அழுத்தியபோது, "டேய், உள்ள புள்ளத்தாச்சி கீதுடா!" என்று கத்தினார். ஒன்றும் சினையாக இல்லை என்று நான் சொன்னேன். "ஆவும்" என்றார்.

மேஸ்திரியையும் நான் தெய்வமாக்கப் போவதில்லை. ஒரு வாரத்துக்குள் அவரும் கண்காட்சி நடத்தத் தொடங்கிவிட்டார். ஐஸ் வாங்க வந்த மீன்காரிகளைக் கூப்பிட்டு, மூடியைத் திறந்து, கள்ளுக் குடிக்கும் எலி என்று காட்டினார். எலிகளுக்குத் தன் பங்கிலிருந்து கொஞ்சம் ஊற்றவும் செய்தார். நான் போய்க் கத்தினேன். "மூடி வெச்சாத்தான் அது குட்டி போடும். தொறந்தா ஒண்ணும் நடக்காது." அவர் என்னைப் பார்த்தார். "சரி" என்றார். அதன் பிறகு திறக்கவில்லை. ஒரு சொல் போதுமாயிருந்தது. கேன்வாஸ் ஷூக்காரருக்கு ஒரு வருடம் சொல்லியும் போதவில்லை.

தினமும் காலையில் மாதா கோவில் பூசை முடிந்து நேராக அங்கே போவேன். பலாக்கொட்டை, வேர்க்கடலை, கொய்யா, பச்சை மிளகு கிடைத்தால் மிளகு. மீதி வைத்திருப்பதைப் பார்த்து என்ன பிடிக்கிறது என்று தெரிந்துகொள்வேன். கூண்டுகளுக்குள் உள்ளீடற்ற மரத்துண்டுகளைச் செங்குத்தாகக் கட்டி வைத்தேன். ஒரு ஜோடியைச் சேர்த்தபோது சண்டை போட்டுக்கொண்டன, ஒன்றின் காது கிழிந்தது. ஆளை மாற்றிச் சேர்த்தேன். இந்த முறை பெட்டை, மரத்துண்டுக்குள் இலைகளை இழுத்துக்கொண்டு போனது. பிறகு வெளியே வருவது குறைந்தது. நான் மூடியைத் தொடவே இல்லை. காதை மட்டும் மரத்துண்டின் மேல் வைத்துக் கேட்பேன்.

ஈஸ்டர் முடிந்த பிறகு ஒரு காலையில் கேட்டது. ஈரத்துணியைக் கண்ணாடியில் தேய்ப்பது மாதிரி மெல்லிய கீச்சு. ஒன்று இல்லை, இரண்டு குரல்கள். நான் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேஸ்திரி எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, அழுவுற? செத்துப்பூட்ச்சா?" என்றார். இல்லை என்று தலையை ஆட்டினேன். எந்த மலையிலும் இல்லாமல், மீன் செதிலும் உமியும் ஒட்டிய ஒரு முன்னறையில், யாரும் கைதட்டாமல் அது நடந்திருந்தது. அப்பாவிடம் சொன்னபோது, "நான்தான் அன்னிக்கே ரோட்ல சொன்னேனே" என்றார்.

குட்டிகளுக்கு மயிர் முளைத்து, வால் நுனியில் பிரஷ் விரியத் தொடங்கியிருந்தபோது இயக்குநர் திரும்பி வந்தார். கிடங்கில் கூண்டுகளைக் காணாமல் வாட்ச்மேனை விசாரித்து, காரில் ஐஸ் கம்பெனிக்கு வந்து இறங்கினார். வாசலில் மீன் தண்ணீர் தேங்கியிருந்தது. ஷூவைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். தாண்ட முடியாமல் அங்கிருந்தே கூப்பிட்டார். நான் வெளியே வந்தேன்.

"ஆய்வு நிலையத்தின் விலங்குகளை மீன் நாற்றத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள். யார் அனுமதி கொடுத்தது?"

"குட்டி போட்டிருக்கு சார். இங்கேயே சேர்ந்து, இங்கேயே சினையாகி. இந்த முறை உண்மையாக."

அவர் கோபம் நின்றது. கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. பிறகு, குளத்தில் கல் விழுந்த மாதிரி, சிரிப்பு மெதுவாக விரிந்தது.

"பிரமாதம், மிஸ்! நிலையத்தைப் பார்க்க டெல்லியிலிருந்து அடுத்த வாரம் அதிகாரிகள் வருகிறார்கள். நாளைக் காலை வேன் அனுப்புகிறேன். எல்லாவற்றையும் கிடங்குக்கு மாற்றிவிடுங்கள்."

"வைகாசி சார். அந்தக் கூரைக்குக் கீழே குட்டிகள் தாங்காது. அவர்களை இங்கே அழைத்துவாருங்கள்."

"இங்கேயா?" மீன் தண்ணீரைக் காட்டினார். "மிஸ், அவர்கள் வருகிற ஒரு நாள் மட்டும் தாங்கினால் போதும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்."

அதுவரை அவர்மேல் எனக்கு இருந்தது கோபம். கோபத்தில் கொஞ்சம் மதிப்பும் கலந்திருக்கும். எதிராளி ஒரு ஆள் என்ற எண்ணம் இருக்கும். அந்த வாக்கியத்தைக் கேட்டபிறகு அது இல்லை. தெருவில் கிடப்பதைச் சுற்றிக்கொண்டு போவது மாதிரி, அவரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்று மட்டும் தோன்றியது. "சரி சார்" என்றேன். அவர் காரில் ஏறிப் போனதும் கால்நடை மருத்துவருக்குத் தந்தி அடித்தேன்.

வேன் வருவதற்கு முன்பே நானும் அப்பாவும் கூண்டுகளோடு சென்ட்ரலுக்குக் கிளம்பிவிட்டோம். மேஸ்திரி கோணியில் உமியைப் போட்டு, பெரிய ஐஸ் துண்டுகளைச் சுற்றிக் கொடுத்தார். வேன்காரனுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "எலிங்க கள்ளுக்கடைக்குப் போய்க்கீதுன்னு சொல்றேன்" என்றார்.

கோயம்புத்தூர் போகும் பகல் ரயில். மூன்றாம் வகுப்பில் இருக்கைக்கு அடியில் கூண்டுகளைத் தள்ளி, நடுவில் ஐஸ் மூட்டையை வைத்தோம். அரக்கோணம் தாண்டுவதற்குள் பெட்டியெல்லாம் தண்ணீர் ஓடியது. டிக்கெட் பரிசோதகர் வந்து காலைத் தூக்கினார்.

"என்னய்யா ஒழுகுது? உள்ளே என்ன?"

அப்பா யோசிக்காமல், "மீனு சார்" என்றார்.

"மீனா? எதிரே சைவக் குடும்பம் உட்கார்ந்திருக்கு, மீன் ஏத்திக்கிட்டு வந்திருக்கியே. எறக்கு, எறக்கு."

"இல்ல சார், மீனு இல்ல. எலி."

பரிசோதகர் குனிந்து கோணியைத் தூக்கிப் பார்த்தார். ஒரு மிளகெலி மீசையை ஆட்டியது. அவர் நிமிர்ந்தார். எதிரே இருந்த குடும்பத்தைப் பார்த்தார். "மீன்னே இருக்கட்டும்" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். சேலம் வரை அப்பா சிரித்துக்கொண்டே வந்தார். அவர் வாழ்க்கையில் ராயபுரத்தைவிட்டு அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் தடவை.

கால்நடை மருத்துவர் ஸ்டேஷனுக்கு ஜீப்பில் வந்திருந்தார். ஒல்லியான, சிடுசிடுப்பான மனிதர். வணக்கம்கூடச் சொல்லாமல் கூண்டுகளைத்தான் முதலில் பார்த்தார். ஆறும் உயிரோடு இருந்தன. "கிடங்கில் வைத்திருந்தால் இரண்டு நாள்" என்று முணுமுணுத்தார். மனிதர்களை அவருக்குப் பிடிக்காது என்று கொஞ்ச நேரத்தில் புரிந்தது. எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று. மலைமேல் தன் வீட்டுக்குப் பின்னால், பழைய காப்பி உலர்த்தும் கொட்டகையில் அவர் இடம் ஒதுக்கியிருந்தார். பக்கத்திலேயே காடு. அந்தக் காற்றை முகர்ந்ததும் எலிகள் மரத்துண்டுகளிலிருந்து தலையை நீட்டின. திருவொற்றியூரில் அவை வெளிச்சம் இருக்கும்போது ஒருபோதும் அப்படிச் செய்ததில்லை.

இயக்குநர் போலீஸுக்குப் போவதாகத் தந்தி அடித்தார். முதலாளி வேண்டாம் என்று தடுத்துவிட்டார். பத்திரிகைக்காரர்கள் வந்தால் எலியோடு சாக்கடையையும் பார்ப்பார்களே. டெல்லியிலிருந்து வந்தவர்கள் கண்ணாடிப் பெட்டியிலிருந்த பஞ்சடைத்த எலிகளைப் பார்த்து மிகவும் திருப்தியடைந்தார்களாம். உயிரோடு ஒன்றைக் காட்டுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு வருடத்துக்குள் இயக்குநர் டெல்லியில் பெரிய பதவிக்குப் போய்விட்டார். கிடங்கில் சாய டிரம்களை அடுக்கினார்கள். குளிர்ந்த இடத்தில் மிளகெலியைப் பெருக்குவது பற்றி அவர் பெயரில் ஒரு கட்டுரை வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். மீன் தண்ணீரைத் தாண்டத் துணியாதவர் அந்த அறையின் குளிரை எப்படி விவரித்தாரோ, தெரியவில்லை. தேடிப் படிக்கவும் இல்லை.

நான் ராயபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தேன். அடுத்த கோடை விடுமுறையில் மலைக்குப் போனேன். கொட்டகையில் எலிகள் பெருகியிருந்தன. அங்கே பிறந்தவற்றில் வளர்ந்த ஒரு ஜோடியைக் காட்டில் விட்டுப் பார்க்கலாம் என்று மருத்துவர் முடிவு செய்திருந்தார். கூண்டைப் பல வாரங்களாகக் காட்டின் ஓரத்திலேயே வைத்து, காட்டுப் பழங்களை மட்டும் கொடுத்துப் பழக்கியிருந்தார். தேயிலைக்காரர்கள் தொடாத ஒரு சரிவில் பொந்துள்ள பழைய மரம் ஒன்றைக் காட்டினார். இருட்டுவதற்கு முன்பு கூண்டின் வாயைப் பொந்தோடு சேர்த்துப் பிடித்துக் கதவைத் தூக்கினேன்.

ஆண் உடனே போய்விட்டது. பெட்டை நகரவில்லை. விரலால் பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளினேன். திரும்பி என் விரலை நன்றாகக் கடித்தது. ரத்தம் வந்தது. அதற்குப் பிறகுதான் பொந்துக்குள் போனது. உள்ளே காய்ந்த இலைகள் சரசரப்பது சிறிது நேரம் கேட்டது.

"வெறும் கையால் தள்ளலாமா? படித்தவர்தானே நீங்கள்?" என்றார் மருத்துவர்.

டிஞ்சர் போட்டுத் துணி சுற்றினார். எரிந்தது. காலிக் கூண்டை மறு கையில் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் ஜீப் நின்ற இடத்துக்கு இறங்கினேன்.